தேற்றம் மனப்பாடம், கணக்கு மட்டும் வரவில்லை: பத்தாம் வகுப்பு வடிவியலை எப்படிப் படிப்பது?

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி, பத்தாம் வகுப்பு. இயற்கணிதம் தடையில்லாமல் வருகிறது. வடிவியலில் தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம் எல்லாம் வரி மாறாமல் எழுதத் தெரியும், ஆனால் படத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. டியூஷனில் "இன்னும் பத்து முறை எழுதிப் பார்" என்கிறார்கள். எழுதினால் சரியாகுமா என்று கேட்கிறாய்.

ஆகாது. உன் மேலும் தப்பில்லை, சொல்லிக்கொடுக்கிறவர் மேலும் பெரிய தப்பில்லை, ஆனால் இந்தப் பாடத்துக்கு அந்த வழி ஒத்துவராது. இயற்கணிதத்தில் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் அதற்குள்ளேயே அடுத்த படி கண்ணுக்குத் தெரியும்: இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் கொண்டு போ, காரணிப்படுத்து, முடிந்தது. வடிவியலில் பல நேரம் தேவையான பொருள் கேள்வியில் இருக்கவே இருக்காது. ஒரு கோட்டை நீயாகப் போட வேண்டும். அந்தக் கோடு விழுந்த பிறகு மீதி நாலு வரியும் தானாக வந்துவிடும். புத்தகத்தில் "அமைப்பு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்களே, அதுதான் அது. மனப்பாடம் செய்கிறவர்கள் அந்த வரியை மற்ற வரிகளைப் போலவே விழுங்கிவிடுகிறார்கள், அந்தக் கோடு ஏன் அங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் வடிவியல் படிப்பது என்பதே அந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

நீ சொன்ன கோண இருசமவெட்டித் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஏபிசி ஒரு முக்கோணம். ஏ-யில் உள்ள கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் கோடு பிசி பக்கத்தை டி என்ற புள்ளியில் சந்திக்கிறது. அப்படியானால் பிடி-க்கும் டிசி-க்கும் உள்ள விகிதமும் ஏபி-க்கும் ஏசி-க்கும் உள்ள விகிதமும் ஒன்றே. ஏபி 6 செ.மீ, ஏசி 4 செ.மீ, பிசி 5 செ.மீ என்றால் பிடி 3, டிசி 2. ஒரு தாளில் வரைந்து அளந்து பார், சரியாக வரும்.

இப்போது நிரூபணத்தை மறந்துவிட்டு, உன்னிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் பார். நீளங்களின் விகிதத்தைப் பற்றி உனக்குக் கையில் இருப்பது தேல்ஸ் தேற்றம்: ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டால் மற்ற இரண்டு பக்கங்களும் ஒரே விகிதத்தில் பிரியும். அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒப்பிடும் இரண்டு நீளங்கள் ஒரே கோட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். பிடி, டிசி இரண்டும் அப்படித்தான் பிசி-யின் மேல் கிடக்கின்றன, அது சரி. ஆனால் ஏபி ஒரு திசையில் போகிறது, ஏசி இன்னொரு திசையில் போகிறது. இதுதான் சிக்கல், வேறு சிக்கல் எதுவும் இல்லை. அப்படியானால் என்ன செய்யலாம்? ஏசி-யைத் திருப்பி, ஏபி-யின் தொடர்ச்சியில் படுக்க வைத்துவிடலாம். அதாவது பிஏ கோட்டை ஏ-யைத் தாண்டி நீட்டி, ஏஇ-யின் நீளம் ஏசி-க்குச் சமமாக இருக்கும்படி இ என்ற புள்ளியைக் குறி. இப்போது பிஏ, ஏஇ இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிட்டன. இசி-யைச் சேர்த்தால் பிஇசி என்று ஒரு பெரிய முக்கோணம் கிடைக்கிறது. அதில் ஏடி-யும் இசி-யும் இணையாக இருந்தால் வேலை முடிந்தது. இணைதானா? ஏஇ, ஏசி சமம் என்பதால் ஏஇசி இருசமபக்க முக்கோணம், அதன் அடிக்கோணங்கள் இரண்டும் சமம். வெளிக்கோணமான பிஏசி அவை இரண்டின் கூடுதல், ஆகவே அதன் பாதி ஒரு அடிக்கோணத்துக்குச் சமம். பாதியை ஏற்கெனவே ஏடி வெட்டி வைத்திருக்கிறது. பிஏடி கோணமும் ஏஇசி கோணமும் ஒத்த கோணங்களாகச் சமமாகிவிட்டன, கோடுகள் இணை.

பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ஏறத்தாழ கி.மு. 300-இல் தொகுத்த 'எலிமென்ட்ஸ்' என்ற வடிவியல் நூலின் 13 பாகங்களில், ஆறாம் பாகத்தின் மூன்றாவது கூற்றாக இதே தேற்றம் வருகிறது, இதே படத்தோடு. அவர் சி வழியாக ஏடி-க்கு இணைகோடு போட்டு அங்கிருந்து தொடங்குவார், நாம் சமநீளத்திலிருந்து தொடங்கினோம், போய்ச் சேரும் இடம் ஒன்றே. சில புத்தகங்களில் சி வழியாக ஏபி-க்கு இணையாகக் கோடு போட்டு ஏடி-யை நீட்டி அதைச் சந்திக்க வைப்பார்கள். அதுவும் அதே யோசனைதான்: ஏசி-க்குச் சமமான ஒரு நீளத்தை வசதியான இடத்தில் உண்டாக்குவது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு நிரூபணத்தைப் பத்து முறை எழுத வேண்டிய தேவையே இல்லை, ஒரு முறை யோசித்தால் எந்த வழியிலும் எழுதிவிடலாம்.

தேல்ஸ் தேற்றத்திலும் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பார். உன் பாடநூலில் அதைக் கோணங்கள் சமம், ஆகவே முக்கோணங்கள் வடிவொத்தவை, ஆகவே பக்கங்கள் விகிதசமம் என்று நிரூபித்திருப்பார்கள். சுருக்கமான நிரூபணம், தேர்வுக்கு அதையே எழுது. ஆனால் "கோணங்கள் சமமானால் பக்கங்கள் விகிதசமம்" என்பது எங்கிருந்து வந்தது? யூக்ளிட் வரிசையில் அது தேல்ஸ் தேற்றத்துக்குப் பிறகு, அதை வைத்துத்தான் வருகிறது. தேல்ஸ் தேற்றத்தை அவர் பரப்பளவால் நிரூபித்தார், சிபிஎஸ்இ புத்தகத்தில் இன்றும் அந்த வழிதான். புதிதாக ஓர் ஏபிசி முக்கோணம் போடு: ஏபி மேல் டி, ஏசி மேல் இ, டிஇ-யும் பிசி-யும் இணை. டிஇ என்ற ஒரே அடிப்பக்கத்தின் மேல் பிடிஇ, சிடிஇ என்று இரண்டு முக்கோணங்கள், உச்சிகள் பி-யும் சி-யும் ஒரே இணைகோட்டில் இருப்பதால் இரண்டுக்கும் உயரம் ஒன்று, பரப்பும் ஒன்று. ஏடிஇ முக்கோணத்தின் பரப்பை முதலாவதோடு ஒப்பிட்டால் ஏடி : டிபி கிடைக்கும், இரண்டாவதோடு ஒப்பிட்டால் ஏஇ : இசி கிடைக்கும். இரண்டும் சமம். இது தேர்வுக்குத் தேவையில்லை என்று யாராவது சொல்வார்கள். உனக்குத் தேவை, ஏனென்றால் எது எதன் மேல் நிற்கிறது என்று ஒரு முறையாவது பார்க்காதவரை தேற்றங்கள் எல்லாம் தனித்தனி வாக்கியங்களாகவே தலையில் கிடக்கும்.

அடுத்து படம். பெரும்பாலான பிள்ளைகள் படத்தை அவசரமாகப் போடுகிறார்கள், அதுவும் பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று எல்லா முக்கோணத்தையும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாகவே போடுகிறார்கள். பிறகு கேள்வியில் கொடுக்காததெல்லாம் படத்தில் உண்மை போலத் தெரியும்: நடுக்கோடு செங்குத்தாகத் தெரியும், கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தின் நடுவில் போய் விழும். அசமபக்க முக்கோணம் போடு, கொஞ்சம் கோணலாகவே போடு. ஒரே கேள்விக்கு இரண்டு படம் போடு, ஒன்று குறுங்கோண முக்கோணம், ஒன்று விரிகோண முக்கோணம். இரண்டிலும் எது மாறாமல் இருக்கிறதோ அதை நம்பு.

தப்பான படம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய புதிர் உண்டு. "எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே" என்று நிரூபித்துக் காட்டுவார்கள். ஏ-யின் கோண இருசமவெட்டியும் பிசி-யின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்குள் ஒரு புள்ளியில் சந்திப்பதாகப் படம் போட்டு, அங்கிருந்து ஏபி-க்கும் ஏசி-க்கும் செங்குத்து இறக்கி, சர்வசம முக்கோணங்களைக் காட்டி, துண்டுகளைக் கூட்டினால் ஏபி-யும் ஏசி-யும் சமம் என்று வந்துவிடும். ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் தப்பே கிடைக்காது. தப்பு படத்தில் இருக்கிறது. ஏபி, ஏசி சமமில்லாத முக்கோணத்தில் அந்த இரண்டு கோடுகளும் முக்கோணத்துக்கு வெளியே, சரியாகச் சுற்றுவட்டத்தின் (மூன்று உச்சிகள் வழியாகவும் போகும் வட்டத்தின்) மேல்தான் சந்திக்கும். செங்குத்துகளில் ஒன்றின் அடி பக்கத்தின் மேலும், மற்றது பக்கத்தின் நீட்சியின் மேலும் விழும். ஒரு பக்கத்தில் கூட்ட வேண்டும், மறுபக்கத்தில் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். கவராயம் எடுத்து நீயே வரைந்து பார், அரை மணி நேரம் செலவானாலும் பரவாயில்லை.

கவராயம் என்றதும் செய்முறை வடிவியல் ஞாபகத்துக்கு வருகிறது. இதைப் பிள்ளைகள் 8 மதிப்பெண் வாங்கித் தரும் ஓவியமாகவே நினைக்கிறார்கள், தேற்றம் வேறு, வரைதல் வேறு என்று. உண்மையில் ஒவ்வொரு வரைதலும் ஒரு தேற்றம். ஒரு கணக்கைப் பார்ப்போம்: அடிப்பக்கம் பிசி 6 செ.மீ, உச்சிக்கோணம் ஏ 60 பாகை, ஏ-யிலிருந்து பிசி-க்கு வரையும் குத்துக்கோடு 4.5 செ.மீ, முக்கோணம் வரைக. படிகள் உனக்குத் தெரியும். பிசி வரைந்து, அதற்குக் கீழே பி-யில் 60 பாகைக்குப் பிஇ என்று ஒரு கோடு, பிஇ-க்குச் செங்குத்தாகப் பி-யில் இன்னொரு கோடு, பிசி-க்கு மையக்குத்துக்கோடு, இரண்டும் சந்திக்கும் இடம் ஓ, ஓ-வை மையமாக வைத்து ஓபி ஆரத்தில் வட்டம். ஏன் கோணத்தைக் கீழே போடுகிறோம், ஏன் செங்குத்து? ஓபி ஆரம், பிஇ அதற்குச் செங்குத்து, ஆகவே பிஇ அந்த வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோட்டுக்கும் பிசி என்ற நாணுக்கும் இடையில் 60 பாகை இருந்தால், மாற்று வட்டத்துண்டில், அதாவது நாணின் மறுபக்கத்து வட்டவில்லில், உள்ள எந்தப் புள்ளியிலிருந்து பி-யையும் சி-யையும் சேர்த்தாலும் அங்கே 60 பாகைதான் வரும். பாடத்தில் தொடுகோடுகள் பகுதியில் படிக்கிற மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் இதுதான். யூக்ளிட் மூன்றாம் பாகத்தில் 32-ஆவது கூற்று அந்தத் தேற்றம், அடுத்த 33-ஆவது கூற்று நீ வரைகிற இதே வட்டம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

மீதி வேலை உயரம். பிசி-யின் நடுப்புள்ளியிலிருந்து மையக்குத்துக்கோட்டின் மேல் 4.5 செ.மீ குறித்து, அங்கே பிசி-க்கு இணைகோடு போட்டால் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும். எந்த இடத்தை ஏ என்று எடுத்தாலும் சரி, இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இப்போது நீயாக ஒரு சோதனை செய்: 4.5-க்குப் பதிலாக 5.5 என்று வைத்து வரை. இணைகோடு வட்டத்துக்கு மேலே போய்விடும், முக்கோணமே கிடைக்காது. ஏனென்றால் அந்த வட்டத்தின் உச்சி பிசி-யிலிருந்து சுமார் 5.2 செ.மீ உயரத்தில்தான் இருக்கிறது, அதுதான் 6 செ.மீ சமபக்க முக்கோணத்தின் உயரம். கொடுத்த அளவுகளுக்கு முக்கோணம் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை என்று கேட்கப் பழகினால் படிகளை மறக்கவே முடியாது. குத்துக்கோட்டுக்குப் பதில் நடுக்கோடு கொடுத்தால் நடுப்புள்ளியிலிருந்து ஒரு வில் போட்டு வட்டத்தை வெட்டுகிறாய், முன்பாதி அப்படியே அதேதான்.

கருவி விஷயத்தில் ஒன்று: ஆணி தளர்ந்த கவராயத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒழுங்காக வரைய முடியாது. திருகை இறுக்கிக்கொள், பென்சில் முனையைக் கூராக வை. கையால் போதுமான அளவு வரைந்த பிறகு ஜியோஜீப்ரா என்ற வடிவியல் செயலிக்குப் போகலாம், இலவசமாகக் கிடைக்கிறது, போனிலேயே ஓடும், அதில் ஏ புள்ளியை வட்டத்தின் மேல் இழுத்துப் பார்த்தால் கோணம் அசையாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியும். முதலிலேயே அதற்குப் போக வேண்டாம்.

சரி, கணக்கு மாற்றிக் கேட்டால் கை நிற்கிறது என்றாயே, அதற்கு வருகிறேன். கொடுக்கப்பட்ட ஒவ்வொரு சொல்லும் ஒரு கோட்டையோ ஒரு சமத்தையோ கையில் கொடுக்கிறது என்று எடுத்துக்கொள். தொடுகோடு என்றால் தொடுபுள்ளியை மையத்தோடு சேர், 90 பாகை வந்துவிடும். வெளிப்புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு என்றால் நீளம் சமம். இணைகோடு என்றால் உடனே வடிவொத்த முக்கோணங்களைத் தேடு. செங்கோண முக்கோணத்தில் செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து விழுந்திருந்தால் ஒன்றுக்கொன்று வடிவொத்த மூன்று முக்கோணங்கள் அங்கே இருக்கின்றன. 3, 4, 5 முக்கோணத்தில் அந்தச் செங்குத்து 2.4, கர்ணம் 1.8 என்றும் 3.2 என்றும் பிரிகிறது. 3-இன் வர்க்கம் 5 பெருக்கல் 1.8, 4-இன் வர்க்கம் 5 பெருக்கல் 3.2, கூட்டினால் 5 பெருக்கல் 5. பிதாகரஸ் தேற்றத்தின் நிரூபணம் முழுக்க இவ்வளவுதான், எண்ணுக்குப் பதில் எழுத்து. இப்படிக் கொடுத்ததிலிருந்து கொஞ்சம் முன்னால் போ, அப்புறம் நிரூபிக்க வேண்டியதிலிருந்து கொஞ்சம் பின்னால் வா: "இது சமம் என்று காட்ட எனக்கு எந்த இரண்டு முக்கோணம் வேண்டும்?" இரண்டும் நடுவில் சந்திக்கும். விடையைத் திறந்து பார்க்கும் முன் குறைந்தது கால் மணி நேரம் படத்தோடு உட்கார். பார்த்த பிறகும் முழுதாகப் பார்க்காதே, அமைப்பு வரியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடு.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் காரணத்தைத் தேடாதே, ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடு. நெதர்லாந்தில் டீனா, பியர் வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957-இல் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளில் இதைத்தான் சொன்னார்கள்: வடிவத்தைப் பார்த்ததும் அடையாளம் காண்பது ஒரு நிலை, அதன் பண்புகளைச் சொல்வது அடுத்தது, பண்புகளுக்குள் எது எதிலிருந்து வருகிறது என்று பார்ப்பது அதற்கும் அடுத்தது, நிரூபணம் அதற்கும் மேலே, நடுவில் ஒன்றைத் தாண்டி மேலே போக முடியாது. சதுரம் ஒரு செவ்வகமா, செவ்வகம் ஓர் இணைகரமா என்று கேட்டால் தயங்குகிற பிள்ளை நிரூபணத்தில் திணறத்தான் செய்யும். ஒன்பதாம் வகுப்பில் நாற்கரங்கள், வட்டத்தின் நாண், வட்ட நாற்கரம் வருகிற பகுதியை ஒரு வாரம் ஒதுக்கிப் படித்துவிடு. ஒவ்வொரு பண்புக்கும் மறுதலை உண்மையா என்று கேட்டுக்கொண்டே போ. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் கூடினால் 180 பாகை, சரி, கூடுதல் 180 ஆக இருந்தால் அது வட்ட நாற்கரமாகத்தான் இருக்க வேண்டுமா? (ஆம்.) ஒரு நாற்கரத்தின் மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால் அது செவ்வகமாகத்தான் இருக்க வேண்டுமா? இதற்கு நீயே ஒரு படம் போட்டுப் பதில் கண்டுபிடி.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 100 மதிப்பெண் தாளின் கடைசிப் பகுதியில் 8 மதிப்பெண்ணுக்கு ஒரு வரைதல் நிச்சயம், அதற்கு உதவிப்படம் போடு, வில்களை அழிக்காதே, வரைமுறையை எழுது. தேற்றம் வந்தால் 5 மதிப்பெண், அதில் கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று பிரித்து எழுதி ஒவ்வொரு வரிக்கும் எதிரில் காரணம் எழுது. சீவா (உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்குப் போகும் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திப்பது பற்றியது), மெனிலாஸ் (ஒரே கோடு மூன்று பக்கங்களையும் அல்லது அவற்றின் நீட்சிகளையும் வெட்டுவது பற்றியது) தேற்றங்களுக்குக் கூற்றைத் துல்லியமாகத் தெரிந்துகொள், கணக்குகள் எளிமையானவை. தேல்ஸ் தேற்றத்தின் மறுதலையை விட்டுவிடாதே.

பதினொன்றாம் வகுப்பில் இதெல்லாம் வருமா என்றும் கேட்டிருந்தாய். இந்த வடிவில் தனிப்பாடமாக வராது. அங்கே ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், வெக்டர் என்று போய்விடும். ஆனால் கணிதம் உள்ள பிரிவு எடுத்தால், முக்கோணத்தின் நடுக்கோடுகள் மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்கும் என்பதை அங்கே வெக்டரால் நிரூபிக்கச் சொல்வார்கள், பன்னிரண்டில் குத்துக்கோடுகளுக்கும் அதே கேள்வி வரும். அந்தப் புள்ளிகள் எங்கே இருக்கும், விரிகோண முக்கோணத்தில் எது வெளியே போகும் என்று இப்போதே கையால் வரைந்து பார்த்து வைத்திருந்தால், அங்கே வெக்டரை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டால் போதும்.